நகர அலுவலகத்தில் ஆறு வாரம்: நியூயார்க்கின் கோடைக்கால இளையோர் வேலைத் திட்டம் பற்றி ஒரு மதிப்பீடு

நியூயார்க் நகரில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில், குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: கோடை விடுமுறையில் பிள்ளையை எதில் சேர்ப்பது? ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேரும் பல்கலைக்கழக முகாம்களும் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புகளும் முதலில் அலசப்படும். நகர அரசே சம்பளம் கொடுத்து வேலையில் அமர்த்தும் ‘சம்மர் யூத் எம்ப்ளாய்மென்ட் புரோகிராம்’ கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அதுவும் ‘கிடைத்தால் பார்க்கலாம்’ என்ற அளவில். குவீன்ஸில் வசிக்கும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விண்ணப்பித்தோம். பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்த என் மகள், 2025 கோடையில் இத்திட்டத்தின் வழியாக நகர அரசின் அலுவலகம் ஒன்றில் ஆறு வாரம் வேலை பார்த்தாள். ஒரு பிள்ளையின் முதல் வேலையாக இது மிக நன்று என்பதும், கல்லூரி விண்ணப்பத்துக்கு மெருகேற்றும் சாதனமாக நினைத்துச் சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதும் என் கருத்து.

1963இல் தொடங்கிய இத்திட்டம், அமெரிக்க நகரங்கள் நடத்தும் இளையோர் கோடை வேலைத் திட்டங்களிலேயே மிகப் பெரியது. நகரின் இளையோர் மற்றும் சமூக மேம்பாட்டுத் துறை பணத்தையும் விதிகளையும் தன் கையில் வைத்துக்கொண்டு, ஆள் சேர்ப்பதையும் வேலையிடம் ஒதுக்குவதையும் வட்டாரத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறது. 14 வயது முதல் 24 வயது வரை விண்ணப்பிக்கலாம். 16 வயது நிறைந்தவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆறு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம் வரை வேலை தரப்படும். சம்பளம் நகரின் குறைந்தபட்சக் கூலி, அதாவது 2025இல் மணிக்கு 16.50 டாலர். முழு நேரமும் வேலை செய்தால் பிடித்தம் போவதற்கு முன் 2,475 டாலர் வரும். எரிக் ஆடம்ஸ் மேயராகப் பொறுப்பேற்ற 2022இல் கோடை வேலைகளை ஒரு லட்சமாக உயர்த்துவதாக நகரம் அறிவித்தது. அப்படியும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் பொதுப் பிரிவில் குலுக்கல் முறைதான். மதிப்பெண்ணோ கட்டுரையோ பரிந்துரைக் கடிதமோ கேட்கப்படுவதில்லை. 98 விழுக்காடு வாங்கிய பிள்ளையும் வகுப்புக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளையும் ஒரே குலுக்கலில் நிற்பது நம்மவர் பலருக்கு உறுத்துகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நகரில் குடியிருந்தால் மட்டும் போதாது, அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதியும் இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருப்பார்கள்; அவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது, ஆகவே இந்தக் கதவு அவர்களுக்குத் திறக்காது. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகளாக வரிசையில் காத்திருக்கும் வீடுகளில், கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளை, தன் வகுப்பில் எல்லோரும் விண்ணப்பிப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும்போதுதான் பெற்றோருக்கே இது தெரியவருகிறது. இது நகரத்தின் குற்றமன்று, மத்திய அரசின் குடியேற்றச் சட்டம். என்றாலும் பிள்ளை ஆசைப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தகுதி இருப்பவர்களுக்கு அடுத்து வருவது காகித வேலை. பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, முகவரிச் சான்று, பெற்றோர் ஒப்புதல் ஆகியவற்றோடு, 18 வயது நிரம்பாதவர்களுக்கு ‘ஒர்க்கிங் பேப்பர்ஸ்’ எனப்படும் வேலைச் சான்றிதழும் தேவை. அதைப் பள்ளி வழியாகப் பெற வேண்டும். அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிச் சான்று வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் பள்ளி அலுவலகத்தில் ஆள் குறைந்துவிடும் என்பதால், குலுக்கல் முடிவு வரும் வரை காத்திராமல் வசந்த காலத்திலேயே இதை வாங்கி வைத்துவிடுங்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் பதிவேற்றிய ஆவணங்களை ‘வரவில்லை’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தொலைபேசியை எடுப்பதற்கு ஆளில்லை. நேரில் போய் நின்றபோது ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. இதை ஒரு குறையாக எழுதும்போதே, எங்கள் தாலுகா அலுவலகங்களில் பழகிய எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மகளுக்குத்தான் கோபம் வந்தது. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த அலுவலகம், என்ன வேலை என்பது தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் தெரிகிறது. விண்ணப்பத்தில் விருப்பத் துறைகளைக் குறிக்கச் சொல்கிறார்கள். அந்தக் குறிப்புக்கும் ஒதுக்கீட்டுக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பதை எவரும் விளக்குவதில்லை. சிறுவர் கோடை முகாம், மருத்துவமனை, நூலகம், கடை, தனியார் நிறுவனம் என்று வேலையிடங்கள் பல வகை. நகர அரசின் துறைகள் அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. ‘அரசு அலுவலகம் வேண்டும்’ என்று நினைத்தவர்கள் நாலு வயதுக் குழந்தைகளுக்கு ஜூஸ் பெட்டி திறந்து கொடுக்கும் வேலையில் முடிவதும் உண்டு. அதுவும் வேலைதான்.

மகளுக்குக் கிடைத்தது லோயர் மன்ஹாட்டனில் ஓர் அலுவலகம். சேம்பர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி, 40 மாடி முனிசிபல் கட்டடத்தின் வளைவைக் கடந்து போகும் தூரம். முதல் வாரத்தை வீண் என்றே சொல்ல வேண்டும். மாணவர்கள் வருவது மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தது. உட்காரப்போகும் பிரிவுக்குத் தெரியவில்லை. கணினிக் கணக்கு வரவில்லை, அடையாள அட்டை வரவில்லை, கோப்பு அலமாரிகளின் லேபிள்களைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வேலையும் வரவில்லை. பாதுகாப்பு நடைமுறைகள் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆறே வாரம் நடக்கும் ஒரு திட்டத்தில் ஒரு வாரத்தைக் கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்து கழிப்பது ஆறில் ஒரு பங்கு கூலியைக் காற்றில் விடுவதற்குச் சமம்.

இரண்டாம் வாரம் கிடைத்த வேலைதான் முழுக் கோடைக்கும் நியாயம் செய்தது. பழைய காகித விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, அவற்றில் எழுதியிருக்கும் முகவரியை நகரின் சொத்து எண்ணோடு பொருத்த வேண்டும். நியூயார்க்கில் ஒவ்வொரு மனைக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு: முதல் இலக்கம் நகரின் ஐந்து பெருவட்டங்களில் எது என்பதைச் சொல்லும், அடுத்த ஐந்து இலக்கம் பிளாக் (தெருக்களுக்கு நடுவிலுள்ள மனைத் தொகுதி), கடைசி நான்கு மனை. மன்ஹாட்டன் 1, பிராங்க்ஸ் 2, புரூக்ளின் 3, குவீன்ஸ் 4, ஸ்டேட்டன் ஐலண்ட் 5. மன்ஹாட்டன் விண்ணப்பங்கள் மளமளவென்று முடிந்தன. சிக்கல் முழுவதும் நம் குவீன்ஸில்தான். இங்கே வீட்டு எண்ணுக்கு நடுவில் ஒரு சிறு கோடு வரும். கோட்டுக்கு முன்னால் இருப்பது அருகிலுள்ள குறுக்குத் தெருவைக் குறிக்கும், பின்னால் இருப்பது வீட்டைக் குறிக்கும். விண்ணப்பத்தை எழுதியவர்களில் சிலர் கோட்டை விட்டிருந்தார்கள், சிலர் அதை ‘1’ போலக் கிறுக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஒரே தெரு எண்ணில் ஸ்ட்ரீட், பிளேஸ், லேன் என்று அடுத்தடுத்துப் போகும்; அதே எண்ணில் அவென்யூ, ரோடு, டிரைவ் என்று குறுக்கே வேறு மூன்று வரும். ‘60’ என்று மட்டும் எழுதி ‘ஸ்ட்ரீட்’டா ‘பிளேஸ்’ஸா என்பதை எழுதாமல் விட்ட ஒருவருடைய வீட்டைக் கண்டுபிடிக்கப் பழைய வரைபடங்களைப் புரட்டியதை மகள் இரவுச் சாப்பாட்டின்போது துப்பறியும் கதைபோலச் சொன்னாள். அந்தக் கோடு விடுபட்டால் ஒருவருடைய விண்ணப்பம் வேறொருவர் மனையில் போய் உட்கார்ந்துவிடும், பின்னர் ஆண்டுக்கணக்கில் ‘உங்கள் கோப்பைக் காணவில்லை’ என்ற பதிலே வரும் என்பதை அவள் அங்கே கற்றாள். பணம் கட்டிச் சேர்க்கும் எந்த ‘தலைமைப் பண்பு’ முகாமிலும் இதைக் கற்றுத்தர மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அந்த வேலையைக் கொடுத்தவர் அப்பிரிவில் நெடுநாள் ஊழியரான ஒரு பெண்மணி. மாணவர்களைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு எதுவும் இல்லை; சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பொறுக்காமல் தன் மேசையில் தேங்கிக் கிடந்ததில் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது மகளுக்குக் கடைசி வரை கூச்சமாகவே இருந்ததாம். பெயரையே சொல்லாமல் எதிரில் போய் நின்று ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றே ஆறு வாரத்தையும் ஓட்டியிருக்கிறாள். அதே தளத்தில் வேறு பிரிவில் அமர்த்தப்பட்ட மாணவனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அவன் கோடை முழுவதும் கைபேசியோடு கழிந்தது. ஒரே திட்டம், ஒரே கட்டடம், ஒரே சம்பளம். இதைத் தற்செயலுக்கு விட்டிருப்பதுதான் இத்திட்டத்தின் மீது நான் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு. மாணவரைக் கேட்டு வாங்கும் துறை, முதல் நாளே அவருக்கு என்ன வேலை, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் போதும். புதிதாகப் பணம் எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. சம்பளம் ஏற்றித் தரும் அட்டையில் வாங்குவதைவிட மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி நேராக வரவு வைக்கச் சொல்வது மேல். வேலை நேரப் பதிவை வாரந்தோறும் சரிபார்க்க வேண்டும். மகளின் முதல் சம்பளத்தில் ஒரு நாள் விடுபட்டு, கேட்ட பிறகு அடுத்த முறை சேர்ந்து வந்தது. சம்பளச் சீட்டில் பிடித்தங்களைப் பார்த்துவிட்டு ‘இது யாருக்குப் போகிறது’ என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இனி, பெற்றோர் உண்மையில் கேட்க வரும் கேள்வி: இதனால் நல்ல கல்லூரி கிடைக்குமா? குலுக்கல் முறை என்பதாலேயே இத்திட்டம் ஆய்வாளர்களுக்கு ஒரு வரமாகிவிட்டது. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அப்படியே ஒப்பிடலாம். அலெக்சாண்டர் கெல்பர், ஆடம் ஐசன், ஜட் கெஸ்லர் ஆகிய மூவரும் 2005 முதல் 2008 வரையிலான குலுக்கல்களை எடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், கல்லூரிச் சேர்க்கையில் இத்திட்டத்தால் மாற்றம் எதுவும் இல்லை என்று கண்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் வருமானம்கூடக் கூடவில்லை, சிறிது குறைந்தே இருந்தது. ஆனால் இடம் கிடைத்தவர்களிடையே சிறை செல்வதும் இளவயது மரணமும் குறைந்திருந்தன. சிகாகோ நகரின் கோடை வேலைத் திட்டத்தை ஆராய்ந்த சாரா ஹெல்லர் 2014இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது: வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 16 மாதங்களில் 43 விழுக்காடு குறைந்தது. ஆக, குலுக்கலில் மதிப்பெண் கேட்காததன் காரணம் விளங்குகிறது. முதல் மாணவரை இன்னும் ஒரு படி ஏற்றுவதற்காக இது உருவாக்கப்படவில்லை. கோடையில் கையில் காசும் போக ஓரிடமும் இல்லாத பிள்ளைக்கு இரண்டையும் கொடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த அளவுகோலால் அளந்தால் ஐந்துக்கு நான்கரை கொடுக்கலாம். நம் அளவுகோலால் அளந்துவிட்டு ‘பிரயோஜனமில்லை’ என்பது நியாயமன்று.

போட்டியும் நேர்காணலும் உள்ள இன்டர்ன்ஷிப்தான் வேண்டும் என்பவர்களுக்கு நகரின் இதே இளையோர் துறை ‘லேடர்ஸ் ஃபார் லீடர்ஸ்’ என்ற தனிப் பிரிவை நடத்துகிறது. அங்கே சுயவிவரம், பயிற்சி, நேர்காணல் எல்லாம் உண்டு. முதலில் பொதுப் பிரிவில் ஒரு கோடை வேலை செய்துவிட்டு அங்கே போவது பிள்ளைக்குத் தெம்பு தரும் என்பது என் எண்ணம்.

இத்திட்டம் என்றும் நிலையாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. கோடை வேலைகளுக்கென்று மத்திய அரசு தனியாக ஒதுக்கி வந்த நிதி 1998ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நின்றுபோனதிலிருந்து, நகரமும் மாநிலமும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா நெருக்கடியில் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகம் முதலில் கைவைத்தவற்றுள் இதுவும் ஒன்று. எதிர்ப்புக்குப் பிறகுதான் 35,000 பேருக்கு இணையவழியில் ஒரு மாற்று ஏற்பாடு வந்தது. வாஷிங்டன் நகரின் திட்டத்துக்கு அதன் முன்னாள் மேயர் மேரியன் பாரியின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அங்கே அதை வெட்டத் துணிபவருக்கு வேலை சற்றுக் கடினம்.

எங்கள் வீட்டில் அடுத்த விண்ணப்பம் மகனுக்கு. அவனுக்கு 14 வயது நிறைகிறது. 14, 15 வயதுக்காரர்களுக்கு அலுவலக வேலை கிடையாது. குழுவாகச் சேர்ந்து செய்யும் செயல்திட்டமும், அதற்கு 700 டாலர் வரை உதவித்தொகையும்தான். அக்கா வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று அவன் இப்போதே முணுமுணுக்கிறான். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டோம்.