மவுஸ் இல்லாம பிரவுசர் ஓட்ட முடியுமா: விமியம் எக்ஸ்டென்ஷன் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், பிரவுசர கீபோர்டுலயே ஓட்ட வெக்கற விமியம் அருமையான எக்ஸ்டென்ஷன், காசும் கிடையாது, தைரியமா இன்ஸ்டால் பண்ணலாம். ஆனா இத போட்டுட்டா மவுஸுக்கு வேலையே இருக்காதுன்னு சொல்றாங்க பாருங்க, அத மட்டும் நம்பாதீங்க. மணிக்கட்டு வலி தாங்காம மவுஸ தள்ளி வெச்சவன் நான், ஸ்டைலுக்காக கீபோர்டுக்கு வரல, அதனால கொஞ்சம் கறாராத்தான் பாப்பேன். அப்படி பாத்ததுல தெரிஞ்சது என்னன்னா விண்டோஸ் பக்கம் பெருசா குறை சொல்ல ஒண்ணுமில்ல, நம்மள நடுவழியில விட்டுட்டு போறதெல்லாம் வெப்சைட்டுங்கதான். விமியம் அந்த ஓட்டையத்தான் அடைக்க பாக்குது, முக்காவாசி அடைச்சும் குடுக்குது.

விண்டோஸ பத்தி கொஞ்சம் சொல்லிட்டு வந்துடறேன், ஏன்னா பிரவுசர விட்டு வெளிய வந்தா விமியம் கூட வராது. ஆல்ட் டேப் எல்லாருக்கும் தெரியும், விடுங்க. விண்டோஸ் கீயோட 1, 2, 3ன்னு அழுத்தினா டாஸ்க்பார்ல வரிசையா இருக்கற ஆப் அந்தந்த நம்பருக்கு திறக்கும், பிரவுசர 1லயும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர 2லயும் வெச்சுட்டா விரல் தானா போயிடும். ரைட் கிளிக்குக்கு ஷிஃப்ட் எஃப் 10. விண்டோஸ் 11ல ரைட் கிளிக் பண்ணா ஒரு குட்டி மெனு வந்து, அதுல கடைசில இன்னும் காட்டுன்னு ஒண்ணு இருந்து, அத அழுத்தினாத்தான் பழைய முழு மெனு வரும்ல, ஷிஃப்ட் எஃப் 10 அடிச்சா நேரா அந்த முழு மெனுவே வந்துடும், மவுஸ்காரங்கள விட நமக்கு ஒரு படி கம்மி. அப்புறம் ரெண்டாவது மானிட்டர கழட்டின பிறகு ஒரு விண்டோ மட்டும் ஸ்க்ரீனுக்கு வெளிய போய் ஒளிஞ்சுக்கும், டாஸ்க்பார்ல தெரியும் ஆனா கண்ணுல படாது, அதுக்கு ஆல்ட் டேப்ல அந்த விண்டோக்கு போய் ஆல்ட் ஸ்பேஸ், எம், ஏதாவது ஒரு அம்புக்குறி, அவ்ளோதான், அப்படியே இழுத்துட்டு வந்துடலாம். இத மவுஸ வெச்சு பிடிக்கவே முடியாது. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, ஆப் தேடி திறக்கற பவர்டாய்ஸ் ரன்ங்கற மைக்ரோசாஃப்ட் டூல் போட்டிருந்தா அது ஆல்ட் ஸ்பேஸ தனக்குன்னு எடுத்துக்கும், செட்டிங்ஸ்ல போய் வேற கீ குடுத்துடுங்க.

எக்செல் பக்கம் இன்னும் அருமை. ஆல்ட் அழுத்தி விட்டா மேல ரிப்பன்ல எல்லாத்து மேலயும் ஒரு எழுத்து வந்து உக்காரும், அத பாத்து பாத்து அடிக்கலாம். இதுல ரசிக்க வேண்டிய விஷயம், 2003 வரைக்கும் இருந்த பழைய மெனுவோட கீயெல்லாம் இன்னிக்கும் வேலை செய்யுது, ஆல்ட், இ, எஸ், வி அடிச்சு எண்டர் தட்டினா வேல்யூ மட்டும் பேஸ்ட் ஆகும். அந்த மெனு போயே பல வருஷம் ஆச்சு, கீ மட்டும் இருக்கு, பழைய ஆளுங்க விரல் பழக்கத்த கெடுக்க வேணாம்னு விட்டு வெச்சிருக்காங்க. மேக்ல கதை வேற, 1984ல வந்த முதல் மேக்கின்டோஷ் கீபோர்டுல அம்புக்குறி கீயே கிடையாது, ஜனங்க மவுஸ பழகணும்னே எடுத்துட்டாங்க! இன்னிக்கும் சஃபாரில டேப் அடிச்சா லிங்க்குங்களுக்கு போகாது, ஆப்ஷன் டேப் அடிக்கணும், இல்லன்னா செட்டிங்ஸ்ல போய் ஒரு டிக் போடணும்.

சரி பிரவுசருக்கு வருவோம். விமியம் இல்லாம வெறும் டேப் கீய வெச்சு ஒரு நியூஸ் சைட்டுக்குள்ள போய் பாருங்க. மேல மெனுல இருக்கற ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டேப், லாகின் பட்டனுக்கு ஒண்ணு, விளம்பரத்துக்கு ஒண்ணு, ஷேர் பண்ற ஐகான் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, நடுவுல இருக்கற செய்திய தொடறதுக்குள்ள ஆர்வமே போயிடும். நல்லா பண்ற சைட்டுங்க இருக்கு, விக்கிபீடியால பேஜ் திறந்ததும் ஒரு டேப் அடிச்சீங்கன்னா அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்த ஒரு லிங்க் மேல மூலைல தலைய காட்டும், எண்டர் அடிச்சா நேரா கட்டுரைக்கு போயிடலாம். மவுஸ் வெச்சிருக்கறவங்க இத ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா நிறைய சைட்டுல டேப் எங்க நிக்குதுன்னே தெரியாது. அந்த எடத்த சுத்தி ஒரு கோடு வரும்ல, அது டிசைனுக்கு அசிங்கமா இருக்குன்னு பேஜோட தோற்றத்த எழுதற சிஎஸ்எஸ்ல outline: noneன்னு ஒரே ஒரு வரி எழுதி எடுத்துடறாங்க. வெப் அணுகல் விதியான டபிள்யூசிஏஜில எல்லாத்தையும் கீபோர்டுல செய்ய முடியணும், ஃபோகஸ், அதாவது இப்போ எந்த எடத்துல நிக்கறோம்ங்கறது, கண்ணுக்கு தெரியணும், ஒரு எடத்துல போய் மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாம இருக்கக்கூடாதுன்னு தெளிவாவே எழுதி வெச்சிருக்கு, யாரு படிக்கறா.

இங்கதான் விமியம் வருது. எஃப் தட்டினா பேஜ்ல கிளிக் பண்ணக்கூடிய எல்லாத்து மேலயும் மஞ்சள் கலர்ல குட்டி குட்டியா எழுத்து வந்து ஒட்டிக்கும், எஸ், டி, ஜேன்னு ஒண்ணு ரெண்டு எழுத்து, பெரும்பாலும் விரல் வழக்கமா உக்கார்ற வரிசைல இருக்கற எழுத்துங்களாவே இருக்கும். உங்களுக்கு வேண்டிய லிங்க் மேல இருக்கற எழுத்த அடிச்சா கிளிக் ஆயிடும். பெரிய எஃப், அதாவது ஷிஃப்ட்டோட, அடிச்சா புது டேப்ல திறக்கும். அவ்ளோதான் மேட்டரு. லிங்க் நூறு இருந்தாலும் அடிக்க வேண்டியது எஃப்போட சேர்த்து மூணு கீதான். எழுத்து தேடறது கண்ணுக்கு கஷ்டமா இருந்தா ஆப்ஷன்ல மாத்திக்கலாம், அப்போ நம்பர் வரும், லிங்க்ல இருக்கற வார்த்தைய நாலு எழுத்து அடிச்சாலே மத்ததெல்லாம் மறைஞ்சு அது மட்டும் நிக்கும், எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு ஏன்னா லிங்க்க படிச்ச கையோட அடிச்சுடலாம், மறுபடி லேபிள தேட வேண்டாம்.

ஸ்க்ரோலுக்கு ஜே கீழ, கே மேல. அரை பேஜ் போக டி, திரும்ப யு. இது விம்ங்கற எடிட்டர்ல இருந்து வந்தது, அதுக்கும் மூதாதையர் 1976ல பில் ஜாய் எழுதின விஐ, அவர் வெச்சிருந்த ADM-3Aங்கற டெர்மினலோட கீபோர்டுல அம்புக்குறியெல்லாம் எச், ஜே, கே, எல் கீ மேலயே அச்சடிச்சிருந்துச்சு, அதனால வந்த பழக்கம் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. விம் தெரியலன்னா கவலப்படாதீங்க, எனக்கும் விம் வராது, கேள்விக்குறி அடிச்சா எல்லா கீயும் ஒரு லிஸ்ட்டா வரும், அதுல எஃப், ஜே, கே, டி, ஓ மட்டும் கத்துக்கிட்டா போதும், மத்தது தேவைப்படறப்ப ஒட்டிக்கும். ஓ அடிச்சா நடுவுல ஒரு பெட்டி வரும், புக்மார்க், ஹிஸ்டரி எல்லாத்துலயும் சேர்த்து தேடும். பெரிய டி அடிச்சா திறந்திருக்கற டேப்ல மட்டும் தேடும், நாப்பது டேப் திறந்து வெச்சு ஐகான் கூட தெரியாம முழிக்கறவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

நான் ரொம்ப மெச்சினது டெக்ஸ்ட் செலக்ட் பண்றது. ஒரு பேஜ்ல நடுவுல ஒரு வரிய காப்பி பண்ணனும்னா மவுஸ் இல்லாம வழியே இல்லன்னுதான் நினைப்போம். சாய்வுக்கோடு அடிச்சு அந்த வரியோட முதல் வார்த்தைய தேடுங்க, எண்டர், அப்புறம் வி, இப்போ டபிள்யூ தட்ட தட்ட ஒவ்வொரு வார்த்தையா செலக்ஷன் நீண்டுட்டே போகும், போதும்னா ஒய் அடிச்சா காப்பி ஆயிடும். மவுஸ்ல இழுக்கறப்ப கை நழுவி பாதி பேஜ் நீலமாகறதெல்லாம் இதுல கிடையாது. எக்ஸ்டென்ஷனே வேணாங்கறவங்களுக்கு எஃப் 7 இருக்கு, குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுலயும் பேஜுக்குள்ள ஒரு கர்சர் வரும், ஷிஃப்ட்டோட அம்புக்குறிய வெச்சு செலக்ட் பண்ணலாம், ஆனா அம்புக்குறிய மட்டும் நம்பினா வரி வரியா நடந்து போகணும்.

இப்போ தொல்லைங்க. முதல் தொல்லை, பேஜ் திறந்ததுமே கர்சர் போய் ஏதாவது சர்ச் பெட்டில உக்காந்துக்கும், நீங்க ஜே அடிச்சா ஸ்க்ரோல் ஆகாம பெட்டிக்குள்ள ஜேன்னு விழும். எஸ்கேப் அடிச்சா வெளிய வந்துடலாம், ஒவ்வொரு தடவையும் அடிக்கறது எரிச்சல்னா ஆப்ஷன்ல பேஜ் ஃபோகஸ பிடுங்க விடாதேன்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டு விட்டுடுங்க, அது ஏன் முதல்லயே போட்டு வரலன்னு தெரியல. ரெண்டாவது, தமிழ் டைப் பண்றவங்களுக்கு முக்கியமானது: கீபோர்டு தமிழ்ல இருக்கறப்ப எஃப் தட்டினா விமியத்துக்கு அது எஃப்பா போய் சேராது, ஒண்ணும் நடக்காது, எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுப்போம். விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் அடிச்சு இங்கிலீஷுக்கு மாத்தணும், இல்லன்னா ஆப்ஷன்ல கீபோர்டு லேஅவுட்ட கண்டுக்காதேன்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டுப் பாருங்க.

மூணாவது சண்டை, சைட்டுங்களோட சொந்த கீ. யூடியூப்ல கே அடிச்சா வீடியோ நிக்கும், ஜேயும் எல்லும் 10 செகண்ட் முன்ன பின்ன, எஃப் ஃபுல் ஸ்க்ரீன். விமியம் இருந்தா எஃப் தட்டினதும் வீடியோ பெருசாகாம மஞ்சள் லேபிள் கொட்டும். இதுக்கு வழி இருக்கு, விமியம் ஐகான அழுத்தி அந்த சைட்டுக்கு மட்டும் எந்த கீயெல்லாம் விட்டுடணும்னு எழுதிடலாம், எஃப், ஜே, கே, எல் நாலையும் குடுத்தா யூடியூப் யூடியூபாவே இருக்கும், லிங்க் திறக்க பெரிய எஃப் இருக்கவே இருக்கு. ஜிமெயிலுக்கு மட்டும் விமியம் பண்ணவங்களே ஆரம்பத்துலயே அத ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க, ஏன்னா ஜிமெயிலுக்குன்னே நல்ல கீயெல்லாம் இருக்கு, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணாத்தான் வேலை செய்யும், அவ்ளோதான்.

முடியாத எடம்னு சிலது இருக்கு, அது விமியத்தோட தப்பு இல்ல. குரோமோட செட்டிங்ஸ் பேஜ்லயும் வெப் ஸ்டோர்லயும் எந்த எக்ஸ்டென்ஷனும் உள்ள போக முடியாது, அங்க டேப் கீதான். சில சைட்ல பட்டன பட்டனா எழுதாம டிவ்ங்கற வெறும் பெட்டிய வெச்சு, ஸ்க்ரிப்ட்ல கிளிக்க மாட்டி விட்டிருப்பாங்க, அங்க டேப்பும் நிக்காது, அது கிளிக் பண்ற எடம்னு விமியத்துக்கும் தெரிய வழியில்ல, கோடிங்ல அந்த பெட்டிக்கு வெச்ச கிளாஸ் பேர்ல பட்டன்னு ஏதாவது இருந்தா ஊகிச்சு லேபிள் போடும், இல்லன்னா விட்டுடும். ஒரு டிக்கெட் புக்கிங் சைட்ல தேதிய கையால டைப் பண்ண விடாம காலண்டர மட்டும் காட்டினாங்க, அந்த காலண்டர்ல அம்புக்குறி நகரல, எஃப் அடிச்சா தேதி மேல லேபிளும் வரல, டேப் அடிச்சா காலண்டருக்கு பின்னாடி இருக்கற பேஜுக்கு போகுது, எஸ்கேப் அடிச்சா அதுவரைக்கும் போட்டு வெச்ச ஊர் பேரெல்லாம் அழிஞ்சு போச்சு. கடைசில மவுஸ எடுத்துதான் புக் பண்ணேன். பஸில் துண்ட இழுத்து பொருத்துன்னு வர்ற கேப்சா இன்னொரு கொடுமை, அங்க இழுக்கறத தவிர வேற கதியே இல்ல.

அந்த மாதிரி எடத்துல விண்டோஸோட மவுஸ் கீஸ் கை குடுக்கும்னு சொல்வாங்க. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூணையும் சேர்த்து அழுத்தினா நம்பர் பேட் மவுஸா மாறிடும், 8, 2, 4, 6ல நகரும், 5 கிளிக், 0 அழுத்தினா பிடிச்சுக்கும், புள்ளி அழுத்தினா விட்டுடும். வேலை செய்யுது, இல்லன்னு சொல்லல, ஆனா பாயின்ட்டர் மாட்டு வண்டி மாதிரி போகும், கன்ட்ரோல பிடிச்சா வேகம் கூடும்தான், அப்போ வேண்டிய எடத்த தாண்டி ஓடிடும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்னா அதுவும் அவுட்டு. லேப்டாப் வாங்கறப்ப இன்னொண்ணையும் பாருங்க, 2024ல இருந்து வர்ற நிறைய மாடல்ல மைக்ரோசாஃப்ட் ஏஐய திறக்கற கோபைலட் கீக்கு எடம் குடுக்கறதுக்காக, ரைட் கிளிக் மெனு திறக்கற மெனு கீயையோ வலது கன்ட்ரோலையோ எடுத்துட்டாங்க, கீபோர்ட நம்பி இருக்கறவங்ககிட்ட இருந்தே ஒரு கீய பிடுங்கறது என்ன நியாயமோ.

இன்ஸ்டால் பண்றப்ப எல்லா சைட்லயும் உங்க டேட்டாவ படிக்கும் மாத்தும்னு ஒரு எச்சரிக்கை வரும், பாத்தா பகீர்னு இருக்கும். எல்லா பேஜ்லயும் லேபிள் போடணும்னா அந்த பர்மிஷன் இல்லாம முடியாது, புரோகிராம் முழுக்க ஓப்பன் சோர்ஸ், யார் வேணா படிச்சு பாக்கலாம், அந்த தைரியத்துலதான் நானும் வெச்சிருக்கேன். இதே பேர்ல வேற யாராவது விடற காப்பிய போட்டுடாதீங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்னா ஐடி ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. குறைச்ச ஒண்ணு அந்த ஃபோகஸ் டிக்கையும் லேஅவுட் டிக்கையும் ஆப்ஷன் பேஜுக்குள்ள தோண்டி எடுக்க வெச்சதுக்கு. படிக்கறது, தேடறது, மெயிலு, ஃபார்ம் நிரப்பறதுன்னு இருக்கறவங்க போட்டுக்குங்க. டிசைன், போட்டோ எடிட்டிங், மேப்புன்னு வேலை பாக்கறவங்களுக்கு பெருசா பிரயோஜனம் இல்ல, அங்கெல்லாம் பேஜே ஒரு ஓவியப் பலகை, லேபிள் போட அதுக்குள்ள லிங்க்கே இருக்காது.