பர்ன்அவுட்: அப்ஸ்கேலா, டவுன்ஸ்கேலா?

கடலூர் சிப்காட் பக்கம் டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளக்கும் வெப்பத்தைக் கரண்ட் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவி) கான்ஃபிகர் செய்பவர்கள் சென்சார் வகை, ரேஞ்ச் எல்லாம் கவனமாகப் போடுவார்கள். பர்ன்அவுட் செட்டிங் மட்டும் வந்தபடியே கிடக்கும். சென்சார் அறுந்தால் அவுட்புட் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். நாமூர் என்ற தொழில் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி அளவீட்டுக்கு 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப். அப்ஸ்கேல் என்றால் 21 அல்லது மேலே, டவுன்ஸ்கேல் என்றால் 3.6 அல்லது கீழே.

ஜாக்கெட்டில் (வெளிச்சுற்று உறையில்) ஸ்டீம் விட்டுச் சூடாக்கும் ரியாக்டருக்கு டவுன்ஸ்கேல் வைத்தால் வம்புதான். தெர்மோகப்பிள் (வெப்ப சென்சார்) அறுந்ததும், சரக்கு ஆறிவிட்டது என்று நினைத்துக் கண்ட்ரோலர் ஸ்டீம் வால்வை முழுசாகத் திறந்துவிடும். அப்ஸ்கேலில் வால்வு மூடிக்கொள்ளும். தானே சூடு கக்கும் வினையிலும் அப்ஸ்கேல்தான். கூலிங் தண்ணீர் திறக்கும்.

டவுன்ஸ்கேலுக்கும் நியாயம் இருக்கிறது. லூப் கேபிள் (டிரான்ஸ்மிட்டரிலிருந்து கண்ட்ரோலருக்குக் கரண்ட் ஓடும் வயர்) அறுந்தால் எப்படியும் 0 மில்லிஆம்ப்தான். இரண்டு கோளாறும் ஒரே பக்கம் விழுவதால் அலாரம் லாஜிக் எளிது. குளிர்ந்தால் உறைந்துபோகும் லைனில் லோ அலாரத்துக்கு நான் இதைத்தான் வைப்பேன்.

அப்ஸ்கேலில் ஒரு சிக்கல், அதுவும் கடற்கரை ஊரில். உப்புக்காற்றில் ஜங்ஷன் பாக்ஸ் டெர்மினல் பச்சை பூத்து ரெசிஸ்டன்ஸ் ஏறும். சப்ளை 24 வோல்ட், டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வேண்டும் என்றால், 21 மில்லிஆம்ப் ஓட லூப் சுமார் 570 ஓமுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கரண்ட் 19, 20-லேயே நின்றுவிடும். பிஎல்சி (சிக்னலைப் படித்து ஆலையைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதை நிஜ வெப்பமாகவே படிக்கும். எதை வைத்தாலும், லூப்பை மேனுவலில் போட்டு சென்சார் வயரைக் கழற்றி, பிஎல்சியில் என்ன வருகிறது என்று பாருங்கள்.