சுயமரியாதைத் திருமணமா, சிறப்புத் திருமணச் சட்டமா?

புரோகிதர் வேண்டாம், சடங்கு வேண்டாம் என்று முடிவெடுத்த ஜோடிகள் அடுத்துத் தடுமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு.

யாருக்கு?
சுயமரியாதை: இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் வருகிறது. சட்டத்தின் கண்ணில் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். கடவுள் மறுப்பாளர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.
சிறப்புச் சட்டம் (1954): எந்த மதமானாலும் சரி.

எப்படி?
சுயமரியாதை: உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். ஒரு மொட்டைமாடித் திருமணத்தில் மணப்பெண் கையிலிருந்த தாளைப் பார்க்காமலே உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள். பின்வரிசையில் அவள் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மந்திரம் இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை.
சிறப்புச் சட்டம்: பதிவு அதிகாரி, 3 சாட்சிகள், உறுதிமொழி, கையெழுத்து.

காத்திருப்பு?
சுயமரியாதை: இல்லை. ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.
சிறப்புச் சட்டம்: 30 நாள் நோட்டீஸ், அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி. சாதி மீறி மணப்பவர்களுக்கு அந்த ஒரு தாளே ஆபத்தாகலாம். இந்த விதி மாற வேண்டும்.

சான்று?
சுயமரியாதை: தனியாகப் பதிய வேண்டும், 90 நாளுக்குள்.
சிறப்புச் சட்டம்: அங்கேயே கிடைக்கும்.

செலவு இரண்டிலும் சொற்பம்தான்.

வெவ்வேறு மதத்தில் பிறந்தவர்களுக்கும், மத அடையாளமே கூடாது என்பவர்களுக்கும் சிறப்புச் சட்டம். எதிர்ப்புக்கு நடுவே அவசரமாக மணக்கும் இருவருக்கு, தயங்காமல் சுயமரியாதைத் திருமணம்.