யூகேட் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டிசம்பர் விடுமுறை வரப்போகிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு யூகேட் என்ற நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி என்று வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் விளம்பரம் சுற்றுகிறது. அதில் ஒன்று, 2025இல் என்னிடம் 2,880 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிய அதே நிலையத்தினுடையது. பெயரைப் போடப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். வீட்டில் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முதலாண்டுப் பிள்ளை இருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி. நடத்துபவர் நம்மவர், தன்மையாகப் பேசினார். “அக்கா, என்யூஎஸ், என்டியூ ரெண்டுக்கும் யூகேட் கட்டாயம். என்கிட்ட படிச்சா 3,000 மார்க்குக்கு மேல நிச்சயம்” என்றார். (என்யூஎஸ் என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், என்டியூ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.) அன்றே மொத்தமாகக் கட்டினால் 300 வெள்ளி தள்ளுபடி. இரண்டு நாள் யோசிக்கலாம் என்று கணவர் சொன்னார். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் நான் அங்கேயே நின்று பேநவ்வில் (வங்கிப் பணப் பரிமாற்றம்) அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்னது இரண்டுமே தவறு. யூகேட் கேட்பது என்டியூவின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிதான். என்யூஎஸ் கேட்பதில்லை. அடுத்து, 2025 முதல் யூகேட்டின் மொத்த மதிப்பெண்ணே 2,700. 3,000 யாராலும் வாங்க முடியாது! முன்பு நான்கு பகுதிகளுக்குச் சேர்த்து 3,600 இருந்தது. ஒரு பகுதியை எடுத்துவிட்டதால் குறைந்துவிட்டது. இதை அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும்.

எடுத்துவிட்ட ‘அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங்’ என்ற அந்தப் படப் பகுதியைத்தான் என் மகளுக்கு நான்கு சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகப் படங்கள்: வட்டம், அம்புக்குறி, கறுப்பு முக்கோணம். ஏ கூட்டத்துக்கு ஒரு விதி, பி கூட்டத்துக்கு ஒரு விதி, புதிய படம் எதில் சேரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பென்சிலை வைத்துக்கொண்டு முக்கோணங்களின் மூலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். ‘அப்ஸ்ட்ராக்ட்’ கஷ்டம்மா, ஆனா பிடிபட்டுடுச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் இரண்டு வாரம் கட்டுரை எழுதவைத்தார்கள். யூகேட்டில் கட்டுரையே கிடையாது. அது பிமேட் என்ற பழைய தேர்வில் இருந்தது. லீ கோங் சியான் முன்பு அதைத்தான் கேட்டது. 2023க்குப் பிறகு அந்தத் தேர்வே நடப்பதில்லை. கொடுத்த புத்தகத்தில் பக்க ஓரத்து ஆண்டை மறைத்து நகலெடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள்: 2019.

ஜூன் விடுமுறையில் யூகேட்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தவள், “அம்மா, இதுல அந்தப் படக் கேள்வியே வரலையே” என்று கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. தேர்வுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. ஆண்டுக்கு ஒரு முறைதான் எழுதலாம்.

உண்மையில் பழக வேண்டியது வேகம். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் 44 கேள்விகளுக்கு 22 நிமிடம், அதாவது கேள்விக்கு அரை நிமிடம். தேர்வு முழுவதும் கணினியில். அந்த நிலையத்தில் ஒரு நாள்கூடப் பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைக்கவில்லை. நேரம் வைத்துப் பழகும் மாதிரித் தேர்வுகளும் கேள்வி வங்கியும் அந்த இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தேர்வை நடத்துபவர்கள் எந்தத் தனியார் பயிற்சியையும் பரிந்துரைப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். மகள் மிச்ச நாள்களில் அதை மட்டும் வைத்துப் படித்து ஜூலையில் எழுதினாள். மதிப்பெண்ணை இங்கே போட அவளுக்கு விருப்பமில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அது மூளைக்கு நல்ல பயிற்சிக்கா, வீணாப் போகாது” என்றார். ரசீதில் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று இருப்பதைக் காட்டினார். வேண்டுமானால் என் மகனின் கணக்கு வகுப்புக்குக் கழித்துக்கொள்ளலாமாம்.

சரி என்று விடவில்லை. சிறு தொகைத் தகராறுகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு போட்டேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். 3,000 மதிப்பெண் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, 2019 என்று இருந்த அந்தப் பக்கம், பேநவ் சீட்டு, மூன்றையும் இணைத்தேன். முதல் பேச்சுவார்த்தையிலேயே 1,900 வெள்ளி தர ஒப்புக்கொண்டார். தந்தும்விட்டார்.

எங்கே சேர்த்தாலும் புத்தகத்தை முதலில் கையில் வாங்கிப் புரட்டுங்கள். படக் கூட்டமோ கட்டுரையோ இருந்தால் பணம் கட்டாதீர்கள். பத்து மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் நிலையம் கல்வி அமைச்சில் பதிந்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மனு நிரப்பத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.