'பூனை வலை' என்று சொல்லிப் புறா வலையை மாட்டிவிட்டுப் போகிறார்கள்: பால்கனிக்கு வலை போடும் முன் படியுங்கள்

சென்னையில் அடுக்ககத்தில் பூனை வளர்க்கிறவர்கள் யாராவது பால்கனிக்கு வலை போட ஆள் தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் அனுப்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 'பூனைக்கென்றே செய்த வலை' என்று சொல்லி, புறாவைத் தடுக்கப் போடும் சாதாரண நைலான் வலையை எங்கள் வீட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் செம்பன் அதைக் கடித்து ஓட்டை போட்டு, மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுந்தான். பிழைத்துவிட்டான். ஆனால் அவன் பட்ட பாட்டை இன்னொரு பூனை படக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குப் பால்கனி எவ்வளவு பெரிய விஷயம் என்பது வளர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீடு திருவான்மியூர் பக்கம். தோட்டம் கிடையாது, மொட்டை மாடியை அசோசியேஷன் பூட்டி வைத்திருக்கிறது. பால்கனிக்கு நேர் எதிரே ஒரு வேப்பமரம். அணில், காக்கா, மைனா, சாயங்காலமானால் கிளிக் கூட்டம். பால் பாக்கெட் வரும் நேரத்துக்கே கருப்பியும் செம்பனும் பால்கனிக் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுவார்கள். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் பூனைக்கு வேட்டைத் துடிப்பு அதிகம். அந்த நேரத்தில் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் காதைத் திருப்பிக் கேட்கவும் ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் திரைச்சீலையைக் கிழிக்கும், நடுராத்திரியில் கத்தும், கூட இருக்கும் பூனையை விரட்டி அடிக்கும். சில பூனைகள் எதிலும் நாட்டமில்லாமல் தின்று தூங்கிக் குண்டாகிவிடும். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பூனைக்குத் தாங்குகிற வலையாகத்தான் போட வேண்டும் என்று தேடியது இதனால்தான்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒருவரைப் பிடித்தோம். கேட்க வேண்டியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கேட்டேன். வலை எச்.டி.பி.இ. (ஒருவகை உறுதியான பிளாஸ்டிக்) நூலில் முறுக்கிப் பின்னியதா? ஆமாம். முடிச்சுக்கு முடிச்சு 25 மில்லிமீட்டரா? ஆமாம். கொக்கிகள் 304 ரக எவர்சில்வரா? ஆமாம். ஐந்து வருட வாரண்டி உண்டா? 'கண்டிப்பா மேடம்.' சாதாரணப் புறா வலைக்குச் சதுர அடிக்கு 18 ரூபாய், இது 'கேட் ஸ்பெஷல்' என்பதால் 45 ரூபாய் என்றார். ஒத்துக்கொண்டு பாதிப் பணத்தை அனுப்பினோம்.

வேலைக்கு வந்தது இரண்டு பையன்கள். பேசிய ஆள் வரவில்லை. "அண்ணன் வேற சைட்ல இருக்காருக்கா" என்றார்கள். வலை எச்.டி.பி.இ. தானா என்று கேட்டதற்கு, "கம்பெனி ஐட்டம்க்கா, கவலைப்படாதீங்க" என்று பதில். மேலேயும் இரு பக்கமும் சுவரில் ட்ரில் போட்டுக் கொக்கி அடித்தார்கள். கீழே மட்டும் கொக்கி இல்லை; கைப்பிடிக் கிரில்லோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிட்டார்கள். "கீழே டைல்ஸுக்கா, ட்ரில் போட்டா விரிசல் விட்டுடும்." எனக்கு அது சரியாகப் படவில்லை. உடனே படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். 'பூனை வெயிட்டுக்கு டேக் தாராளமா போதும் மேடம், எத்தனையோ வீட்ல போட்டிருக்கோம்' என்று எழுதினார். பில் கேட்டபோது, ஒரு வாரண்டி அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முகவரி இல்லை, கைப்பேசி எண் மட்டும்.

அந்தக் கோடையைத் தாண்டும் முன்பே டேக்குகள் வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாக உடைய ஆரம்பித்தன. படம் எடுத்து அனுப்பினேன். 'ஆள் அனுப்புறேன்' என்றார், அனுப்பவில்லை. உடைந்த இடங்களில் நாங்களே கம்பி சுற்றிக் கட்டினோம், பால்கனிக் கதவையும் யாராவது கூட இருக்கும்போது மட்டும் திறந்தோம். ஒருநாள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு அணில் ஓடியது. செம்பன் பாய்ந்தான். கீழ் மூலையில் ஏற்கெனவே கடித்துக் கடித்து நைந்திருந்த இடம் அப்படியே பிய்ந்துகொண்டது. அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் எல்லாம் நடந்தது. அவர் இன்னும் அதைப் பேசினால் அழுகிறார்.

பைக் நிறுத்தும் கொட்டகையின் தகரத்தில் விழுந்து, அங்கிருந்து தரைக்குச் சரிந்திருக்கிறான். மூக்கில் ரத்தம், மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது, மூச்சு வாங்கியது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மாடியிலிருந்து விழுந்த பூனைகளில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம் என்று டாக்டர் சொன்னார். முகம் அடிபடும், அண்ணம் பிளக்கும், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து மூச்சு திணறும். வெளிப்பார்வைக்கு நன்றாக நடக்கிற பூனைக்குக்கூட உள்ளே காற்றுக் கசிவோ மூத்திரப்பை கிழிசலோ இருக்கலாம், பல மணி நேரம் கழித்தே தெரியும். விழுந்த பூனையை ஒரு பலகையிலோ அட்டைப்பெட்டியிலோ அசையாமல் கிடத்தி உடனே கொண்டு போங்கள். வலிக்கு என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், கொஞ்சம் கொடுத்தாலும் உயிர் போகும்.

மருத்துவமனை வாசலிலிருந்தே அந்த ஆளுக்கு போன் செய்தேன். அவர் சொன்ன பதில்: "பூனை கடிச்சா வாரண்டி வராது மேடம். கார்டு பின்னாடி போட்டிருக்கு பாருங்க." எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது: விலங்குகளால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது. பூனைக்கென்று சொல்லி இரண்டரை மடங்கு விலைக்கு விற்ற வலை! அதோடு விடவில்லை. "பூனை எப்படி விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார். அதே கைப்பேசி எண் வேறு வேறு கடைப் பெயர்களில் விளம்பரம் செய்துகொண்டிருப்பதை அப்புறம்தான் பார்த்தோம்.

அந்த 'நாலு கால்' பேச்சை நிறையப் பேர் நம்புவதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1987-இல் நியூயார்க்கில், கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி இரண்டு கால்நடை மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பது அதில் வந்த முடிவு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு பூனைக்கு உயரம் ஒரு பொருட்டில்லை என்று பரப்புகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, அந்தக் கணக்கு அதில் சேரவே இல்லை. பிழைத்தவற்றிலும் நெஞ்சிலும் முகத்திலும் காலிலும் அடிபடாதவை குறைவு.

வலையின் குட்டு உடைந்தது காசிமேட்டில். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பிய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு அங்கே மீன்பிடி வலை விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் கையில் வாங்கிய உடனேயே, "இது நைலான்மா" என்று சொல்லி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அடிக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே எச்.டி.பி.இ. நூல் ஒன்றைப் போட்டார், அது மிதந்தது. எச்.டி.பி.இ. தண்ணீரைவிட லேசு, நைலான் கனம். படகில் வலை இழுப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. நீங்களும் வலை கட்டும் முன் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டித் தரச் சொல்லி, நூலுக்குள் காற்றுக் குமிழி நிற்காதபடி நன்றாக அழுத்தி நனைத்துப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் அது அவர்கள் சொன்ன வலை இல்லை. நைலான் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். புறா அதைக் கடிக்காது என்பதால் புறாவுக்கு அது போதும்.

கொக்கிக்குக் காந்தம். 304 எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். எங்கள் வீட்டுக் கொக்கிகளில் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. இரும்பில் துத்தநாகப் பூச்சு, கடல் காற்றில் அதற்குள் துரு ஏறத் தொடங்கியிருந்தது. வலைக் கண்ணியின், அதாவது ஒவ்வொரு ஓட்டையின், அளவை ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். அளவு என்று சொல்லும்போது சிலர் ஒரு பக்கத்தின் நீளத்தைச் சொல்வார்கள், சிலர் கண்ணியை இழுத்துப் பிடித்து முனைக்கு முனை அளந்ததைச் சொல்வார்கள். இரண்டுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு எவ்வளவு என்று கேட்டால் மழுப்ப முடியாது. எங்களுக்குப் போட்டது 50 மில்லிமீட்டர். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் தனியாகக் கிடக்கிறது. அதனால் தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைத்துவிடும். குட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது எல்லாரும் போடுகிற 'இன்விசிபிள் கிரில்' கம்பிகளுக்கும் இதே பிரச்சினைதான். இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுக் கட்டினால் குழந்தைக்குச் சரி, பூனைக்கு அது திறந்த வாசல்.

கீழ் விளிம்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பூனை கடிப்பதும் முட்டுவதும் அங்கேதான். அங்கே டேக் போட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டைல்ஸ் சாக்கு சொன்னால், டைல்ஸுக்கான ட்ரில் பிட் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் அடிக்கு ஒரு கொக்கியாவது வேண்டும், ஓரத்தில் தடித்த கயிறு ஓட வேண்டும். முடிந்ததும் பத்து கிலோ அரிசிப் பையை வலையின் கீழ்ப்பகுதியில் கட்டித் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்கள், அந்த ஆட்கள் இருக்கும்போதே.

நல்ல எச்.டி.பி.இ. வலையைக்கூட, கடிக்கும் பழக்கமுள்ள பூனை நாளாக நாளாக அறுத்துவிடும். ஐரோப்பாவில் பூனைக்கென்று விற்கும் வலைகளில் நூலோடு மெல்லிய உலோகக் கம்பியையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், இதற்காகவே. நாங்கள் இந்த முறை வலையே வேண்டாமென்று, தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லி, எவர்சில்வர் வெல்டு மெஷ்ஷைச் சட்டம் வைத்துப் பொருத்தினோம். செலவு அதிகம்தான். ஆனால் செம்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

அது வரும் வரை பால்கனிக் கதவை அடைத்தே வைத்திருந்தோம். செம்பன் படுத்த படுக்கை, கருப்பிதான் ஏங்கிப் போனாள். படுக்கையறை ஜன்னலுக்கு ஏற்கெனவே கொசுவலைச் சட்டமும் கம்பியும் உண்டு. அந்த ஜன்னலோரம் அவளுக்கு ஒரு அகலப் பலகை அடித்தோம். சமையலறைப் பரணிலிருந்த பாத்திரங்களை ஒதுக்கி, அலமாரி வழியாக அவள் ஏறிப் போக வழி செய்தோம். தரையில் இடம் இல்லாத வீட்டில் பூனைக்கு உயரம்தான் இடம். தேங்காய்நார்க் கயிறு சுற்றிய கட்டை பிறாண்டுவதற்கு. ஒரே கிண்ணத்தில் வைக்காமல் அட்டை டப்பாக்களில் ஒளித்து வைத்த தீனி, தேடித் தின்பதற்கு. விளக்கு வைக்கும் நேரத்தில் இறகு கட்டிய குச்சியோடு அவளை மூச்சு வாங்க ஓடவைத்து, முடிந்த கையோடு சாப்பாடு. ராத்திரிக் கத்தல் குறைந்தது. தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனியை ஒருநாள் பிடுங்கிப் போட்டபோது, கருப்பி அதன் வேரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு உருண்ட உருளலைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டார்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அந்த ஆள் எதற்கும் பதில் தராததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறோம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், விற்றவர் எங்கே இருக்கிறார் என்று அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, வாரண்டி அட்டையின் இரண்டு பக்கம், பிய்ந்த வலைத் துண்டு, டாக்டரின் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

முகவரி இல்லாத, பின்பக்கம் 'விலங்குகளால் ஏற்படும் சேதம்' என்று பொடி எழுத்தில் அச்சிட்ட வாரண்டி அட்டை உங்கள் வீட்டிலும் இருந்தால், முதலில் பால்கனிக் கதவைச் சாத்துங்கள். அப்புறம் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஒரே ஆளால் ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு மனுவாகக் கொடுக்க முடியும்.