ஐஸ்கிறீம் டப்பாவில் வந்த ‘பிளாட்டினம்’ சிலிக்கோன்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஃபைபர், பெயின்ட், தின்னர் விற்கிற கடைகளில் ஒன்று. அச்செடுக்க சிலிக்கோன் (ஊற்றி வைத்தால் ரப்பர் போல இறுகும் கூழ்) தேடி அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி பஸ் செய்கிறவன். இப்போது மேசையில் இருப்பது, லண்டனில் ஓடி முடித்துவிட்டு இங்கே வந்து இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு உழைத்த ஆர்.டி. இரட்டைத்தட்டு பஸ், 1:32 அளவில். நிஜ பஸ்ஸில் 56 பேர் இருக்கலாம். அத்தனை சீட்டையும் கையால் செய்ய எனக்கென்ன விசரா? ஒன்றைச் செய்து அச்செடுத்து, மீதியை ரெசினில், அதாவது இறுகினால் கெட்டிப் பிளாஸ்டிக்காகும் திரவத்தில், வார்ப்பதாகத் திட்டம். அந்த ஒன்றுக்கே மூன்று ஞாயிறு போனது. சீட் மூன்று சென்ரிமீற்றர்கூட அகலமில்லை. முதுகில் உள்ள பிடிகம்பி ஒரு மில்லிமீற்றர் தடிப்பு.

சின்னச் சாமான் என்பதால் பிளாட்டினம் சிலிக்கோன் கேட்டேன். இறுக வைக்கும் மருந்தில் (கட்டலிஸ்ட்) உள்ள உலோகத்தை வைத்து இந்தச் சிலிக்கோனை டின் (வெள்ளீயம்), பிளாட்டினம் என்று இரண்டு வகையாகச் சொல்வார்கள். டின் வகை இறுகும்போது அல்கஹோல் ஆவியாகி வெளியேறும். அச்சு நாள் போகப்போகச் சுருங்கும். பிளாட்டினத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “பிளாட்டினம்தான் தம்பி, ஃபூட் கிரேட்” என்று உள்ளே போய், ஒரு கிலோ வெள்ளைக் கூழை ஐஸ்கிறீம் டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தார். கூடவே கண்மருந்துப் போத்தல் அளவில் கட்டலிஸ்ட். நூறு கிராமுக்கு மூன்று கிராம் போடச் சொன்னார். 8,500 ரூபா. லேபலும் இல்லை, திகதியும் இல்லை.

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பிளாட்டினம் வகை பெரும்பாலும் ஏ, பி என்று இரண்டு பாகமாக, சரிக்குச் சரியாகவோ பத்துக்கு ஒன்றாகவோ கலக்கும்படி வரும். நூற்றுக்கு இரண்டு மூன்று என்று சின்னப் போத்தல் ஒன்றைத் தந்தால் அது டின் என்று சந்தேகப்படத்தான் வேண்டும். நான் கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, பொலியுரேதேன் ரெசினும் அங்கேயே எடுத்தேன், 6,200 ரூபா. அதுவும் பழைய தண்ணீர்ப் போத்தல் இரண்டில்.

டிஜிட்டல் தராசில் நிறுத்து, ஓரம் அடியெல்லாம் வழித்துக் கலக்கி, உயரத்திலிருந்து சீட்டின் மேல் நூல்போல ஊற்றினேன். அடுத்த நாள் மாலை பார்த்தால் மேலே தோல் பிடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், ரேகை அப்படியே பதிந்தது. தோலுக்குக் கீழே சூயிங்கம்.

திரும்பப் போனேன். “அடியில் என்ன வைத்தீர்கள்?” என்றார். சீட்டைப் பதித்து வைத்தது பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களியில் என்றேன். “அதுதான். அதில் கந்தகம் இருக்கு, பிளாட்டினம் இறுகாது.” கந்தகம் கலந்த களி பிளாட்டினத்தைக் கெடுக்கும் என்பது உண்மை, அதனால் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனது ஆறவில்லை. வெறும் பிளாஸ்டிக் கப் ஒன்றில், களியும் இல்லாமல் சீட்டும் இல்லாமல், இருபது கிராம் கலந்து வைத்தேன். இரண்டு நாளாகியும் அதே பிசுபிசுப்பு.

என் மனைவியின் தம்பி கொட்டாஞ்சேனையில் பல் கட்டும் லாபில் வேலை செய்கிறான். அச்சு சிலிக்கோன்தான் அவனுக்குச் சோறு. அந்தச் சின்னப் போத்தலை ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். “அத்தான், இது டின். டின்னைக் கந்தகம் ஒன்றும் செய்யாது. கட்டலிஸ்ட் பழசாகிச் செத்துப் போயிருக்கு.” பிளாட்டினத்தோடு வேலை செய்யும்போது லேடெக்ஸ் கையுறைகூடப் போட மாட்டார்களாம், அதிலும் கந்தகம் இருப்பதால்.

மூன்றாவது தரம் போனபோது கதை மாறியது. இப்போது குற்றவாளி கொழும்புக் காற்றின் ஈரம்! சிரிப்பு வந்தது. டின் வகை இறுகுவதற்கே கொஞ்சம் ஈரம் வேண்டும். “கட்டலிஸ்ட்டை இரட்டிப்பாக்குங்கள், சரிவரும்” என்றார். வீட்டில் மிச்சமிருந்ததை வைத்துச் செய்தும் பார்த்தேன், என் புத்தி அப்படி. இறுகத்தான் செய்தது, பிஸ்கட் மாதிரி. சீட்டைக் கழற்றும்போது பிடிகம்பி இருந்த பள்ளத்தின் ஓரம் பிய்ந்து வந்தது.

ஈரம் உண்மையில் கெடுப்பது ரெசினைத்தான். பொலியுரேதேனின் ஒரு பாகத்தில் உள்ள ஐசோசயனேட்டில் தண்ணீர் பட்டால் காபனீரொட்சைட் வாயு கிளம்பும். கடையில் மூடி திறந்து, போத்தல் மாற்றி, எத்தனை நாள் அலுமாரியில் இருந்ததோ. பிய்ந்த அச்சிலேயே ஊற்றிப் பார்த்தேன். கப்பில் மிஞ்சியது பணிஸ் மாதிரி உப்பியது. வெளியே வந்த சீட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆப்பம், அத்தனை ஓட்டை. (ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்கு ஆகாது. யன்னலைத் திறந்து, கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். போத்தலில் லேபல் இல்லையென்றால் இதை யார் சொல்வது?)

காசைக் கேட்டேன். திறந்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லையாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம் என்று நினைத்து ரசீதைத் தேடி எடுத்தேன். “பசை - 1, கெமிக்கல் - 2” என்று எழுதியிருந்தது. சிலிக்கோன் என்ற சொல்லே இல்லை, பிளாட்டினத்துக்கு எங்கே போவது. நீங்கள் வாங்கும்போது சாமானின் முழுப் பெயரையும் கலக்கும் அளவையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கே மழுப்புகிற கடையில் வாங்க வேண்டாம். சீல் உடைக்காத போத்தலும் அதில் அச்சடித்த திகதியும் கண்ணால் காணாமல் காசை நீட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கப்பில் இருபது கிராம் கலந்து பாருங்கள். நான் அதைக் கடைசியில் செய்தேன்.

சீட் இப்போது மேசை விளக்குக்குக் கீழே இருக்கிறது. முதலில் ஊற்றிய இறுகாத சிலிக்கோன் பிடிகம்பிக்குப் பின்னால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தையல் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறேன். இந்த ஞாயிறும் அதிலேயே போய்விடும்.