டாக்டர் சொன்னதைச் சுருக்கித் தரும் ஏஐ ஆப்: அதைப் பார்த்து மாத்திரை போடாதீர்கள்

நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் ஒரு குடும்பம். அம்மாவுக்கு முடக்குவாதம் என்று கோயம்புத்தூரில் காட்டிவிட்டு வந்தார்கள். டாக்டர் பேசியதைச் சந்தா கட்டிய ஒரு ஏஐ ஆப் பதிவு செய்து, தமிழில் கட்டம் போட்டு அழகாகக் கொடுத்தது: "மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி., தினமும் இரவு". டாக்டர் சொன்னதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாள்களில் ஃபோலிக் ஆசிட். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தடுத்தார். இந்த மாத்திரையைத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி விழும், உயிரே போகலாம்.

ஆப் நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "இது மருத்துவ ஆலோசனை அல்ல என்று விதிமுறையில் உள்ளது." விளம்பரத்தில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இந்தத் தவறு எப்படி வருகிறது? உள்ளே வேலை செய்வது இரண்டு கட்டம். முதலாவது பேச்சை எழுத்தாக்கும். இதற்குப் பலரும் பயன்படுத்தும் விஸ்பர் மாடல் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. பேச்சு நின்று அமைதி வரும் இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது தானாக எழுதிவிடுவதுண்டு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு சுமார் 1% துண்டுகளில் இதைக் கண்டது. வயதானவர்கள் யோசித்து யோசித்துப் பேசும்போது இந்த இடைவெளிகள் கூடும். இரண்டாவது கட்டம் ஒலியைக் கேட்பதே இல்லை, எழுத்தை மட்டும் படித்துச் சுருக்கும். "ஞாயிறு" இருமலில் விழுங்கப்பட்டிருந்தால் "தினமும்" என்று நிரப்பிவிடக்கூடும். பெரும்பாலான மாத்திரைகள் தினமும் போடுபவைதானே! சந்தேகம் இருந்த இடம் எது என்று சுருக்கத்தில் தெரியவே தெரியாது.

மலையில் இன்னொரு சிக்கல். டாக்டர் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், மகன் அம்மாவுக்கு, நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியில் விளக்குவார். விஸ்பரின் மொழிப் பட்டியலில் படுகு கிடையாது. கன்னடமாகவோ தமிழாகவோ எடுத்துக்கொண்டு எதையோ எழுதும். மகன் சொன்னது டாக்டர் சொன்னதாகப் பதிவாகும். கூடலூரில் மலையாளம் கலந்த பேச்சுக்கும் இதே கதிதான். மருந்தின் அளவும் இப்படித்தான் தப்பும். தைராய்டு மாத்திரையான தைராக்சினின் அளவு மைக்ரோகிராம். அதை மில்லிகிராம் என்று போட்டுவிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறும். "நிறுத்திடாதீங்க" என்பது "நிறுத்திடுங்க" ஆகும்.

பதிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு, போனிலேயே இருக்கும் ரெக்கார்டரைப் போடுங்கள். சிக்னல் தேவையில்லை. போன் பைக்குள் அல்ல, மேசை மேல், டாக்டர் பக்கமாக இருக்கட்டும். எழுந்திருக்கும் முன் மாத்திரைப் பெயர், அளவு, நேரம், எத்தனை நாள் என்று நீங்களே சத்தமாகச் சொல்லி, "சரிதானே டாக்டர்?" என்று கேளுங்கள். மொத்தப் பதிவிலும் உருப்படியான பகுதி அதுதான். வாரம் ஒருமுறை மருந்தென்றால் கிழமையைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) தெளிவாக, முடிந்தால் ஆங்கில கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி 2016 திருத்தத்திலேயே இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள். சீட்டு புரியாவிட்டால் மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏறும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சுருக்கமும் சீட்டும் மோதினால் சீட்டுதான் கணக்கு. அப்போதும் குழப்பமிருந்தால் டாக்டருக்கு போன் போடுங்கள்.

இனி பணம். "7 நாள் இலவசம்" என்று தொடங்கும்போதே ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதியை வாங்கிவிடுகிறார்கள். ஆப்பை அழித்தால் அது ரத்தாகாது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும்; அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாருக்கு மூல ஆடியோ, ஆப் தந்த சுருக்கம், மருந்துச் சீட்டு மூன்றும் வேண்டும். கணக்கை அழிப்பதற்கு முன்பே ஆடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, அவர்களிடம் உள்ள பதிவுகளை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.